திருவல்லிக்கேணி பைண்டிங் கடையும் என் ஆறாவது பிரதியும்

ஆய்வேடு சமர்ப்பிக்கப் போகிற தம்பி தங்கைகள் மாதம் இரண்டு பேராவது போன் செய்து, "அண்ணா, நீங்க பைண்டிங் எங்க போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. போடட்டுமா என்று கேட்டேன். "மார்ச் மாசம் வந்தா சோறு தின்னவே நேரமில்ல, நீங்க வேற ஏன் தலைவரே" என்றார் கடைக்கார அண்ணன். பாரதி சாலையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அதை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு மேன்ஷனின் கீழே, இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. வாசலில் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், அதற்கும் உள்ளே பசை வாசனை. சுவரில் ஒரு அட்டை தொங்கும்: "இங்கே டைப் மட்டும் செய்யப்படும். எழுதித் தரப்பட மாட்டாது." அந்த அட்டையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அவர் என்னைத் தலைவரே என்று கூப்பிடுவதற்குக் காரணம் முதல் நாள் விலை பேசியதுதான். பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்றதும், ஆய்வு மாணவர்களின் பொருளாதார நிலை பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன் போல. முழுவதையும் கேட்டுவிட்டு, "காலேஜ்ல சேர்மனா இருந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "தெரியுது. ஒன்றரைதான் தலைவரே."

சரி, மாணவர் சங்கச் சேர்மனாக இருந்தது உண்மைதான். வந்தவாசி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்குக் கோரைப்பாய் நெசவு. நான் சிறுவனாக இருந்தபோது கைத்தறி, ஒருவர் கோரையைக் கோத்துக் கொடுக்க மற்றவர் அடிப்பார். பிறகு பவர்லூம் கூலிக்குப் போனார். அப்பா தை பிறந்தால் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார், மழைக்கு முன்னால் திரும்புவார். வீட்டில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் நான். பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நின்ற நாட்களில்தான் எனக்குக் கூட்டத்தில் பேச வரும் என்பதே தெரிந்தது.

கல்லூரித் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டபோது ஒரு சிக்கல். மாணவர் தேர்தல்களுக்கு லிங்டோ குழு என்று ஒரு குழுவின் பரிந்துரைகள் இருக்கின்றன. 2006 இல் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பின்பற்றச் சொன்னது. வேட்பாளர் ரூ.5,000-க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும்தான். 75 சதவீத வருகை வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. எனக்கு அலைடு பாடத்தில் ஒரு அரியர் இருந்தது. அதற்கு முன் நான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தவன் கிடையாது. தேர்தலில் நிற்பதற்காக அந்த ஒரு பேப்பரை எழுத உட்கார்ந்தேன், 71 வாங்கினேன். வகுப்பில் யாருக்கும் அதில் 71 இல்லை. பேராசிரியர் ஒருவர் விடைத்தாளை மறுபடி பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "எம்.ஏ. பண்ணுடா" என்றார். என் படிப்பு அந்த அரியரில்தான் தொடங்கியது.

தேர்தலுக்குச் செலவானது 900 ரூபாய்: சார்ட் பேப்பர், மார்க்கர், மைதா. ஜெயித்தேன். பதவிக்காலத்தில் சாதித்தது ஒன்றே ஒன்று. கடைசி வகுப்பு 4.15-க்கு முடியும், எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் 4.10-க்குப் போய்விடும். மூன்று நாள் வாசலில் உட்கார்ந்தோம். பஸ் 4.40 ஆனது, எனக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன் ஆனது. அந்த அரை மணி நேரத்தை இன்றும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் எம்.ஏ., நெட் தகுதித் தேர்வு, ஜேஆர்எஃப் உதவித்தொகை, சென்னை, முனைவர் பட்டப் பதிவு. அந்த ஐந்து வருடங்களை இங்கே எழுதினால் கடைக்கு வந்து சேர மாட்டோம். தலைப்பை மட்டும் சொல்கிறேன், விஷயத்துக்கு அது தேவை: 1965 மொழிப் போராட்டத்தில் வட ஆற்காடு மாவட்ட மாணவர்கள். 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற கெடுவை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்ததும், மறுநாளே அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சிதம்பரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். மதுரை, சென்னை, சிதம்பரம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சிறு ஊர்களில் யார் பள்ளியை விட்டு வெளியே வந்தார்கள், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் என் கேள்வி.

இனி கடை.

நான் நேராக இங்கே வரவில்லை. முதல் வரைவை வேறு ஒரு பகுதியில், பெயர் வேண்டாம், பக்கம் 80 பைசாவுக்கு அடித்து வெறும் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். நெறியாளர் மூன்றாம் இயலைத் திறந்தார். அது விசிறி மாதிரி விரிந்து தரையில் இறங்கியது. அவர் பேசாமல் பொறுக்கினார், நானும் பொறுக்கினேன். பக்க எண் போடாத பக்கங்கள் வேறு. அன்று மாலை ஒரு சீனியர்தான் இந்தக் கடையைக் காட்டிவிட்டார்.

அண்ணன் எட்டாவது வரை படித்தவர். அச்சுக்கோப்பாளராக இருந்தவர், எழுத்துகளைத் தலைகீழாகப் படிப்பார். ஆய்வேட்டின் முன் பக்கங்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முகப்பு, நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், சுருக்கக் குறியீடு, அட்டவணைப் பட்டியல். நான் நன்றியுரையை உறுதிமொழிக்கு முன்னால் வைத்திருந்தேன். தாளை எடுத்து மாற்றி வைத்தார், விளக்கம் எதுவும் கிடையாது. இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறேனா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். நூல் தைக்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் வரியின் முதல் எழுத்து தையலுக்குள் போய்விடும் என்றார். வீட்டில் முதல் ஆளாக ஆராய்ச்சிக்கு வருகிறவனுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் கிடையாது. கேட்கவும் கூச்சமாக இருக்கும். இந்தக் கடையில் கேட்காமலே நடந்தது.

டைப்பிங் அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் ஆய்வேட்டில் முதல் இரண்டு இயல்கள் ஊரில் டிடிபி சென்டரில் பாமினியில் (ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துரு) அடித்தவை, மீதி நானே யூனிகோடில் அடித்தவை. எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஏனென்றால் ஆய்வேடு கடைசியில் சோத்கங்காவில், அதாவது ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளத்தில், ஏறும். பாமினியில் இருந்தால் நாளைக்கு ஒருவர் "வந்தவாசி" என்று தேடினால் கிடைக்காது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டேன். தமிழ் ஒழுங்காக வந்தது. அடிக்குறிப்புகளில் இருந்த ஆங்கிலமும் சேர்ந்து தமிழாகிவிட்டது! அரசாணைத் தலைப்புகள், பத்திரிகைப் பெயர்கள் எல்லாம் குழந்தை கீபோர்டில் உட்கார்ந்த மாதிரி. பார்த்த இடமெல்லாம் "ழக" "ழக" என்று ஒரு சொல். மூல ஃபைலை நான் அழித்துவிட்டிருந்தேன், அது என் தவறு.

அக்கா திரையைப் பார்த்தார். மேஜையில் விரலைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, ழ அடிக்கிற இடத்துல ஓ இருக்கும், க அடிக்கிற இடத்துல எஃப். இது ஆஃப்." பதினெட்டு வருடம் பாமினியில் அடித்த விரல்கள். தமிழ்க் குப்பையாகக் கிடந்ததை விரலால் ஆங்கிலமாகப் படித்து, இரண்டு இயல்களின் அடிக்குறிப்புகளை இரண்டரை நாளில் மீட்டுக் கொடுத்தார். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர் இல்லை. எங்கேயாவது சந்தேகம் வந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்வார், நான் சொல்லாக்குவேன். முனைவர் பட்டப் படிப்பில் என் ஆய்வேட்டை அடிக்குறிப்பு விடாமல் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று: வட ஆற்காட்டை நான் மூன்று விதமாக எழுதியிருந்தேன். வட ஆற்காடு, வடஆர்க்காடு, வடார்க்காடு. "ஊர் பேரையே மூணு விதமா போட்டா, படிக்கிறவங்க மூணு ஊருன்னு நினைச்சிட மாட்டாங்களா?" நெறியாளரும் நானும் எத்தனையோ முறை படித்தும் கண்ணில் படவில்லை.

சுவரில் தொங்கும் அந்த அட்டைக்கும் கதை உண்டு. நான் இருந்தபோதே ஒருவர் வந்து, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒற்றுமை சதவீதத்தைக் குறைத்துக் கொடுக்க முடியுமா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று கேட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் போனால் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு பிடிபட்டாலும் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம். அண்ணனுக்கு இந்த விதி எதுவும் தெரியாது. அட்டையைக் காட்டினார், அவ்வளவுதான். வந்தவர் போனதும், "இந்த அட்டை இல்லாட்டி நான் வீடே வாங்கியிருப்பேன் தலைவரே" என்று சிரித்தார்.

பைண்டிங். தாள்களைத் தட்டிச் சேர்த்து, ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டு, நூலால் தைத்து, அதற்குப் பிறகுதான் பசை. மேலே அட்டை, கருநீல ரெக்சின், தங்க எழுத்து. முதுகிலும் பெயர், வருடம். அவர் வேலை செய்துகொண்டே படிக்கும் ஆள். தைப்பதற்கு முன் நான்காம் இயலில் ஒரு பக்கத்தை நிறுத்திப் படித்தார். அது மதுரை பற்றிய பகுதி. தியாகராசர் கல்லூரி மாணவராக இருந்த கா. காளிமுத்து பிற்பாடு முனைவர் பட்டமும் வாங்கி, 2001 இல் சட்டப்பேரவைத் தலைவரும் ஆனவர். "போராட்டத்துல இருந்தவரா டாக்டர் பட்டம் வாங்குனாரு?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். அண்ணனுடைய அப்பாவும் அச்சகத் தொழிலாளி. 1965 இல் ராத்திரியோடு ராத்திரியாக மாணவர்களுக்கு ஒரு நோட்டீஸ் கோத்துக் கொடுத்ததாகச் சொல்வாராம். எந்த அச்சகம், என்ன நோட்டீஸ் என்பதெல்லாம் அண்ணனுக்கு ஞாபகமில்லை. இதை அடிக்குறிப்பில் சேர்க்கலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். பைண்டிங் ஆன பிறகா கேட்பாய் என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது நேரம். "நாளைக்கு" என்றால் நாளை மறுநாள். "சாயங்காலம்" என்றால் இரவு எட்டரை. வரிசை எண், டோக்கன் எதுவும் கிடையாது. யார் முகம் அதிகமாக வாடியிருக்கிறதோ அவர் வேலை முதலில் நடக்கும். இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு நாள் என் முகமும் வாடியிருந்தது என்பதால் அதிகம் பேச முடியவில்லை.

இரண்டாவது பெரிய குறை. 2024 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் சமர்ப்பிக்க வேண்டும். பதினொரு மணிக்கு ஐந்து பிரதிகளையும் வாங்கினேன். மூன்று சரி. இரண்டில் அட்டை தலைகீழ். தங்க எழுத்தைப் பார்த்துத் திறந்தால் துணைநூற்பட்டியல் கவிழ்ந்து கிடக்கிறது. கடைப்பையன் இரவில் ஒட்டியிருக்கிறான். நான் கத்தினேன். கல்லூரி வாசலில் கத்திப் பழகிய தொண்டை, சந்தே திரும்பிப் பார்த்தது. அண்ணன் பதில் பேசவில்லை, பையனையும் திட்டவில்லை. இரண்டு அட்டைகளையும் கிழித்தார். புது ரெக்சின் வெட்டினார், எழுத்து போட்டார், பளுவுக்குக் கீழே வைத்தார். காய இரண்டு மணி நேரமாவது வேண்டும், இல்லாவிட்டால் அட்டை வளையும் என்றார். இரண்டே முக்காலுக்கு எடுத்துக்கொண்டு சேப்பாக்கம் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஓடினேன். ஒன்று லேசாக வளைந்துதான் இருந்தது. அதற்கு எதுவும் வாங்கவில்லை, ஆனால் அந்தக் காலை எனக்குத் திரும்பக் கிடைக்கவா போகிறது? வாங்கும்போது அங்கேயே எல்லாப் பிரதிகளையும் திறந்து பாருங்கள்.

கணக்கு, கேட்பவர்களுக்காக. 300 பக்கம் கறுப்பு வெள்ளை, பக்கம் ரூ.1.50, ஐந்து பிரதி: 2,250. வண்ணப் பக்கங்கள் 12, பக்கம் ரூ.10: 600. பைண்டிங் பிரதிக்கு 280: 1,400. அக்காவின் வேலைக்கு 1,200. மொத்தம் ரூ.5,450. தேர்தலுக்கு லிங்டோ குழு வைத்த உச்சவரம்பை என் ஆய்வேடு தாண்டிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. சோத்கங்காவுக்கு இயல் வாரியாகத் தனித்தனி பிடிஎஃப் பிரித்துப் பெயரிட்டுக் கொடுத்ததற்குப் பணம் கேட்கவில்லை. இதே வேலைக்கு வெளியே தனியாக வாங்குகிறார்கள்.

பில் போட்டு முடித்ததும், "அஞ்சுதானா? வீட்டுக்கு ஒண்ணு?" என்றார். சமர்ப்பிக்கத் தேவையானதை மட்டும்தான் நான் கணக்கிட்டிருந்தேன். வீட்டில் படிக்க யார் இருக்கிறார்கள் என்றேன். "படிக்கவா? வைக்க." அச்சுக்கு 570 வாங்கிக்கொண்டார், பைண்டிங்குக்கு வாங்கவில்லை. எல்லோருக்கும் இப்படிச் செய்வாரா என்று தெரியாது, எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வாய்மொழித் தேர்வு அந்த வருடம் அக்டோபரில் நடந்தது. அப்பாவும் அம்மாவும் முதல் பஸ் பிடித்து வந்தார்கள். வெளித்தேர்வாளர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வாய்மொழிச் சான்றுகளை நான் கையாண்ட விதம் பற்றி மட்டும் இருபது நிமிடம். கடைசியில் அறிக்கையை வாசித்தார்: பட்டத்துக்குப் பரிந்துரை, கூடவே நூலாக வெளியிடத் தகுந்தது என்று ஒரு வரி. கை தட்டினார்கள். அப்பா பின் வரிசையில் எழுந்து நின்றுவிட்டார், எல்லோரும் உட்கார்ந்த பிறகும். பஸ்ஸுக்காக உட்கார்ந்த மூன்று நாட்களில் ஒரு நாள் அவர் கல்லூரி வாசல் வரை வந்து என்னைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசியதில்லை.

டீயும் போண்டாவும் கொடுக்கும் நேரத்தில் அம்மாவிடம் ஆறாவது பிரதியைக் கொடுத்தேன். அவர் திறக்கவில்லை. கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவினார், மேலிருந்து கீழ், பிறகு கீழிருந்து மேல். பாய்க்கு ஓரம் கட்டியதும் அப்படித்தான் பார்ப்பார். நாலு மூலைகளையும் நகத்தால் நெருடினார். "நூல் நல்ல நூலு. முடிச்ச உள்ள வுட்டிருக்கான், அது சரி. மூலையிலதான் துணி பத்தல. பிரியும்."

அதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடமாக இப்படித்தான் மடிக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை என்றார். அம்மா பாய்க்காரர் என்றதும், "அப்ப ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார். இன்னும் கூட்டிப் போகவில்லை.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பிரதி எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. தையல் அப்படியே உறுதியாக இருக்கிறது, ஒரு தாள்கூட அசையவில்லை. முதுகில் "முனைவர்" என்பதில் கடைசி எழுத்தின் தங்கம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. கீழ் வலது மூலை பிரிந்திருக்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஞாயிறு விடுமுறை. கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாகப் போங்கள், பென் டிரைவில் மூல ஃபைலும் இருக்கட்டும். மூலையில் துணியை அரை அங்குலம் கூடுதலாக மடிக்கச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், வந்தவாசி என்று சொன்னால் போதும்.